கவலையில்லாதவன் வீட்டுப் பெயர்கள்

அந்த அரசு மருத்துவமனையில் பெரிய டாக்டரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஃபைல் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே அறையைத் தாண்டினால், கதவு சரியாகச் சாத்தாத ஓர் அறை வரும். அதுதான் பதிவறை. உள்ளே இருபத்தேழு இரும்பு அடுக்குகள். தரையிலிருந்து கூரை வரை நோயாளிகளின் ஃபைல்கள். ஒவ்வொரு ஃபைலின் முதுகிலும் எண்ணுக்குத் தகுந்த நிறத்தில் ஒரு துண்டுத்தாள். சிவப்பு வரிசையின் நடுவே ஒரு பச்சை நுழைந்திருந்தால், வாசலில் நின்றபடியே அக்காவின் கண் அதைப் பிடித்துவிடும். முப்பது வருடப் பழக்கம்.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. குட்டையான உருவம், வேகமான நடை, கழுத்தில் எப்போதும் தொங்கும் மூக்குக்கண்ணாடி. நோயாளிகள் சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து நின்றால் மற்றவர்கள் எரிந்து விழுவார்கள். அக்கா மட்டும் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க. அம்மா பேரு என்ன?" என்பாள். நோயாளியின் பெயரைக் கடைசியில்தான் கேட்பாள். "பேரு எல்லாருக்கும் இருக்கும். அம்மா பேரும் சேர்ந்தாத்தான் ஆளு தெரியும்" என்பது அவள் கட்சி.

அந்தக் கட்சி ஒரு முறை ஓர் உயிரைக் காப்பாற்றியது. ஒரே பெயர், ஒரே வயது, ஒரே தெருவில் வீடு என்று இரண்டு பெண்கள். ஒருத்திக்கு மறுநாள் காலை அறுவை சிகிச்சை. நான்காம் மாடியிலிருந்து அவள் ஃபைலைக் கேட்டார்கள், புதிதாக வேலைக்கு வந்த எழுத்தர் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். மதியச் சாப்பாட்டை வாயில் வைத்தபோதுதான், அந்த ஃபைலில் பார்த்த தாயின் பெயர் வேறாயிற்றே என்று அக்காவுக்கு உறுத்தியது. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடினாள். அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் நின்றிருந்தது. கட்டிய புருஷன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தும் நான்கு மாடியையும் படியேறித்தான் ஓட வேண்டியிருந்தது என்று அவள் இன்றுவரை அவரைக் குத்திக்காட்டுவாள். ஃபைலில் இருந்தது மற்றவளின் ரத்தப் பிரிவு. அக்கா மூச்சு வாங்க அதைப் பிடுங்கிக்கொண்டு, சரியானதைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். பாராட்டுக் கடிதம் ஒன்றும் வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. சாப்பாடுதான் ஆறிப்போயிருந்தது.

பெயர் விஷயத்தில் அவள் இத்தனை கவனமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஏழு வயதில் அப்பாவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். அப்பா யாரோ ஒருவரோடு பேசிக்கொண்டு நின்றார். அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்தவள், ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டே போனாள். சுவரோரம் இருந்த சின்னக் கல்லில் அவளுடைய பெயரே இருந்தது. முதல் பெயர், குடும்பப் பெயர், ஓர் எழுத்து பிசகாமல். அதன் கீழே இரண்டு தேதிகள். இரண்டுக்கும் நடுவே பதினோரு நாள். அவள் அலறிய அலறலில் அப்பா ஓடி வந்தார். "அது உங்க அக்கா. நீ பொறக்கறதுக்கு முன்னாடி பொறந்தவ" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அம்மா ஒரு நாளும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "பாப்பா" என்றுதான் கூப்பிடுவாள். ஐம்பத்தொரு வயதிலும் அவள் பாப்பாதான். செத்துப்போனவளின் இடத்தில் தன்னை வைத்துவிட்டார்கள், பெயர்கூடத் தனக்கென்று ஒன்று இல்லை என்ற எண்ணம் அவள் மனதின் ஒரு மூலையில் முள்ளாகத் தங்கிப்போயிற்று.

அவர்களுடைய குடும்பப் பெயர் 'சான்சூசி'. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் அது. அந்த மாதிரிப் பெயர்கள் தெருவுக்கு நான்கு இருக்கும். பிரெஞ்சில் 'கவலையில்லாதவன்' என்று அர்த்தம். வாடகை, பள்ளிக்கூடம், அப்பாவின் ஆஸ்துமா என்று கவலைக்குக் குறைவே இல்லாத வீட்டுக்கு இப்படி ஒரு பெயரா என்று அக்காவின் புருஷன் கல்யாணமான புதிதில் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தப் பெயரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர் பெரியப்பா மகன். துறைமுகத்துப் பக்கம் பன்னிரண்டு அறை கொண்ட ஒரு விடுதி நடத்தினார். "நம்ம மூதாதை பிரெஞ்சு கவர்னருக்கு வலது கை. பெரிய தளபதி. நம்ம பேருல வெளிநாட்டுல ஒரு அரண்மனையே இருக்கு, தெரியுமா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பார். அதனால் குடும்பத்தில் அவருக்கே 'கவர்னர்' என்று பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

ஒரு நாள் கவர்னர் சுருட்டிய தாள் ஒன்றோடு அக்கா வீட்டுக்கு வந்தார். இணையத்தில் யாரிடமோ வாங்கிய வம்ச மரம் அது. மேலே இரண்டு சிங்கமும் ஒரு வாளும் போட்ட சின்னம். அதன் கீழே ஆறு தலைமுறை. ஆறு பேருக்கும் ஒரே முதல் பெயர். உச்சியில் இருந்தவர் தொண்ணூற்றொரு வயது வாழ்ந்ததாகப் போட்டிருந்தது.

"விடுதி வரவேற்பறைச் சுவர்ல இத அப்படியே பெயிண்ட் பண்ணப் போறேன். நீ ஒரே ஒரு சின்ன வேலை பண்ணு பாப்பா. ஆவணக் காப்பகத்துல இந்த உச்சியில இருக்கறவரோட பிறப்புப் பதிவு இருக்கும். அதுக்கு ஒரு நகல் வாங்கிக் கொடு. ஃபைல் தேடறது உனக்குத்தான் கைவந்த கலையாச்சே."

"பிரெஞ்சுல எழுதியிருப்பாங்களே அண்ணே, நான் பள்ளிக்கூடத்துல படிச்சதோட சரி."

"படிச்ச இல்ல, அது போதும்" என்று கவர்னர் நகர்ந்துவிட்டார். சிங்கச் சின்னத்தை விடுதித் துண்டுகளில் தைக்க ஏற்கெனவே சொல்லியாயிற்று என்ற செய்தியை வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் சொன்னார்.

சனிக்கிழமை அக்காவுக்கு விடுமுறை. அன்றைக்குக் காப்பகமும் மதியம் வரை திறந்திருக்கும். படிப்பறை நீளமானது, உயரமான ஜன்னல்கள், பச்சைத் துணி விரித்த மேசைகள். கண்காணிப்பாளர் ஒரு மெலிந்த மனிதர். உள்ளே நுழைகிறவர்களின் பேனாவை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பென்சில் கொடுப்பார். பழைய தாளில் மை சிந்தினால் போயிற்று என்று அவருக்குப் பயம். திரும்பும்போது பென்சிலின் நீளத்தைக்கூடக் கண்ணால் அளந்துதான் வாங்குவார். அக்கா அவருக்கு முதல் நாளே மனதுக்குள் 'பென்சில்காரர்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

சர்ச்சில் குழந்தைகளுக்குப் பெயர் வைத்ததைக் குறிக்கும் ஞானஸ்நானப் பதிவேட்டை அவர் பஞ்சு மெத்தை மேல் குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்துவிட்டுப் போனார். மங்கிய பழுப்பு மை, கொக்கி கொக்கியான கையெழுத்து. முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே புரியவில்லை. பிறகு பழைய டாக்டர்களின் கையெழுத்தை நினைத்துக்கொண்டாள். அவற்றை எப்படிப் படித்தோமோ அப்படியே இதையும் படித்தாள்: எழுத்தைப் பார்க்காமல், எந்த இடத்தில் என்ன வரும் என்று பார்த்து. தேதி, பெயர், தகப்பன், தாய், ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானத்தகப்பன், ஞானத்தாய், சர்ச் குருவின் கையெழுத்து. எல்லாப் பதிவும் ஒரே அச்சு. அறுபது சொல் தெரிந்தால் போதும். மதியத்துக்குள் பதிவு கிடைத்துவிட்டது. கவர்னரின் தாளில் இருந்த அதே பெயர், அதே வருடம். நகல் கேட்டு எழுதிக் கொடுத்தாள்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் ஒரு ஃபைலைத் திறந்தால் கடைசிப் பக்கத்தையும் பார்க்காமல் மூடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அடக்கப் பதிவேட்டையும் கேட்டு வாங்கினாள். அந்த மனிதர் இறந்த பதிவு இருந்தது. வயது: சுமார் எண்பத்து நான்கு.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். தொண்ணூற்றொன்று எங்கே, எண்பத்து நான்கு எங்கே? அந்தக் காலத்தில் வயதைக் குத்துமதிப்பாகத்தான் எழுதுவார்கள் என்று பென்சில்காரர் சொன்னார். "ரெண்டு மூணு வருஷம்னா சரி சார். ஏழு வருஷம் இடிச்சா, எங்க ஆஸ்பத்திரியில அது ஒரு ஆளு கிடையாது, ரெண்டு ஆளு" என்றாள் அக்கா.

ரெண்டு ஆளும் இல்லை, மூன்று.

இரண்டு சனிக்கிழமை ஆயிற்று அதைக் கண்டுபிடிக்க. முதல் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற மறுவருடம், அடக்கப் பதிவேட்டில் அதே பெயரில் பதினான்கு மாதக் குழந்தை. மூன்றாம் வருடம் அதே தாய்க்கு இன்னோர் ஆண் குழந்தை. மறுபடி அதே பெயர். அதுவும் ஒன்பது நாளில் போய்விட்டது. முதல் பிள்ளை பிறந்து ஏழு வருடம் கழித்து மூன்றாவது பிள்ளை, அதே பெயர். எண்பத்து நான்கு வயது வாழ்ந்தவர் இவர்தான். வம்ச மரம் செய்தவர்கள் முதல் குழந்தையின் பிறப்பையும் மூன்றாவது குழந்தையின் இறப்பையும் சேர்த்துத் தைத்து ஒரு கிழவரை உண்டாக்கியிருந்தார்கள்.

மூன்று பதிவுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள் அக்கா. தன்னுடைய கதை அங்கே இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் எழுதியிருந்தது.

பென்சில்காரர் மேசைப் பக்கம் வந்தார். "அது அவங்க வழக்கம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "பிரெஞ்சுக்காரங்க பிள்ளைக்குத் தானா ஒரு பேர யோசிச்சு வைக்கறது அபூர்வம். ஞானத்தகப்பன் பேரு பையனுக்கு, ஞானத்தாய் பேரு பொண்ணுக்கு. குழந்தை தவறிப்போச்சுன்னா அந்தப் பேரு அடுத்ததுக்கு."

"அப்ப அந்தக் குழந்தைய மறந்துட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

"நான் தாளப் பாத்துக்கறவன். அர்த்தம் எனக்குத் தெரியாது. ஆனா ஞானத்தகப்பன் கையெழுத்தப் பாருங்க."

அக்கா குனிந்து பார்த்தாள். மூன்று பதிவிலும் ஞானத்தகப்பன் ஒரே ஆள். பட்டாளத்து அடுப்படியில் வேலை செய்த ஒரு ரொட்டிக்காரர். எழுதத் தெரியாதவர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சிலுவைக் குறி. மூன்றுமே இடப்பக்கம் சாய்ந்த, கடைசியில் வால் நீண்ட ஒரே மாதிரிச் சிலுவை. முதல் பிள்ளைக்கு வந்து தன் பெயரைக் கொடுத்தார். அது போன பிறகு இரண்டாவதுக்கு வந்தார். அதுவும் போன பிறகு, யார் வேண்டாம் என்றார்களோ யார் வற்புறுத்தினார்களோ, மூன்றாவது தடவையும் வந்து நின்று அதே பெயரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்றைக்கு அக்கா பென்சிலைக் கொடுக்க மறந்து கையோடு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள்.

அம்மா முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து, வாரத்துக்கான மாத்திரைகளை ஏழு கட்டம் போட்ட டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயது. கண் மங்கல், நிறத்தை வைத்தே மாத்திரையைப் பிரிப்பாள். அக்கா எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எனக்கு முன்னாடி பொறந்தாளே, அவளுக்கு ஞானத்தாய் யாரு?"

அம்மாவின் விரல் வியாழக்கிழமைக் கட்டத்தின் மேல் நின்றது. "எதுக்கு இப்ப அது?"

"சொல்லும்மா."

"உங்க அத்தைதான். அப்பாவோட தங்கச்சி."

"எனக்கு?"

"உனக்கும் அவதான். தெரியாத மாதிரி கேக்கற."

"எனக்குத் தெரியும். அவளுக்கும் அத்தைதான்னு தெரியாது."

அம்மா டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, யாரோ வற்புறுத்திக் கேட்டதுபோல மளமளவென்று சொன்னாள்.

"உனக்கு நான் வேற பேரு யோசிச்சு வச்சிருந்தேன். உங்க அப்பாவும் சரின்னுட்டாரு. உங்க அத்தை வந்தா. அன்னைக்கு அவ உடுத்தியிருந்தது கூட ஞாபகம் இருக்கு. 'அண்ணி, அவளுக்கு நான்தான் பேரு வச்சேன். பதினோரு நாள்தான் கூப்பிட்டேன். இன்னும் அந்தப் பேரு என் வாயிலயே நிக்குது. இவளுக்கும் நானே வைக்கிறேனே'ன்னா. அழுதுகிட்டே கேட்டா. நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"அப்ப நீ ஏம்மா ஒரு நாள்கூட அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடல?"

"கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்பிப் பாத்துடுவீங்களோன்னு பயம்" என்றாள் அம்மா.

நாற்பத்து நான்கு வருடமாக அக்கா தன்னை ஒரு பதில் ஆள் என்றே நினைத்திருந்தாள். அத்தை தெருமுனையிலிருந்தே முழுப் பெயரையும் சொல்லி, பாட்டு மாதிரி இழுத்துக் கூப்பிட்டுக்கொண்டு வருவது நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூட வாசலில், கடையில், பேருந்துக்குள். இடம் பொருள் பார்க்காமல் அத்தை கூப்பிடுவாள். சின்ன வயதில் அது அவளுக்கு வெட்கமாக இருக்கும். அத்தை போய்ப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. அம்மாவின் மடியிலிருந்து டப்பாவை வாங்கி, மிச்சக் கட்டங்களை அக்காவே நிரப்பினாள். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு ரத்த அழுத்த மாத்திரை விழுந்திருந்தது, ஒன்றை எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நிறுத்து என்று யார் சொன்னாலும் அவள் நிறுத்துவதாக இல்லை. மூன்று தடவை பிள்ளை பெற்ற அந்தத் தாய் யார், தகப்பன் யார் என்று பார்த்தே தீர வேண்டும்.

தகப்பன் பக்கம் போனால் முட்டுச் சுவர். 'சான்சூசி' என்பதை ஒவ்வொரு குருவும் வாய்க்கு வந்தபடி எழுதியிருந்தார்கள். ஒரே குடும்பத்துக்கு ஆறு விதம். அதோடு அது பட்டாளத்துப் பட்டப்பெயர் என்று பென்சில்காரர் விளக்கினார். அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேருகிறவனுக்கு ஒரு புனைபெயர் சூட்டுவார்களாம்: ரோஜாப்பூ, நல்ல மனசுக்காரன், கவலையில்லாதவன், இப்படி. நாளடைவில் சொந்தப் பெயர் மறைந்து அதுவே பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஊருக்கு வந்த சிப்பாய்களின் பட்டியலில் ஏழு கவலையில்லாதவர்கள் இருந்தார்கள். கவலையில்லாதவர்களுக்குத்தான் எத்தனை கிராக்கி!

அக்கா தன் பழைய கேள்விக்கே திரும்பினாள்: அம்மா பேரு என்ன? ஆண்களின் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை ஒன்றாகவும் எழுத்துக்கு எழுத்து வேறாகவும் இருந்தது. ஆனால் பிரெஞ்சுப் பதிவுகளில் பெண்கள் மட்டும் கல்யாணமாகி நாற்பது வருடம் ஆனாலும், சாவுப் பதிவில்கூடப் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருந்தார்கள். அந்தத் தாய்க்கு ஒரு கிறிஸ்தவப் பெயரும், குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'படகோட்டியின் மகள்' என்ற சொற்களும் இருந்தன. உள்ளூர்ப் பெண். மூன்று ஞானஸ்நானத்திலும், இரண்டு குழந்தைகளின் அடக்கத்திலும் அது மாறவே இல்லை.

திருமணப் பதிவேட்டின் அட்டவணை ஆண்களின் பெயரால் மட்டும் போட்டிருந்தது. ஆகவே அட்டவணையை மூடி வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கல்யாணமாகப் படித்தாள். பதினோரு சனிக்கிழமை. புருஷன் அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "இந்த வாரம் எத்தன கல்யாணத்துக்குப் போகப் போற?" என்று கேட்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவது என்பார்களே, அப்படித் தேடினாள். மழைக்காலத்தில் ஈரம் ஏறி ஒட்டிய தாள்களைப் பென்சில்காரரே எலும்புக் கத்தியால் பிரித்துக் கொடுத்தார்.

பதினோராவது சனிக்கிழமை படகோட்டியின் மகள் கிடைத்தாள். மாப்பிள்ளையின் குடும்பப் பெயரைப் பார்த்ததும் அக்கா ஏமாந்துபோனாள். அது சான்சூசி இல்லை. 'ழான்வியே' என்று இருந்தது. அடுத்த பக்கம் திருப்பப் போனவள், விரலை எடுக்காமல் வரியின் கடைசி வரை போனாள். சுருக்கி எழுதிய ஒரு சின்னச் சொல்: 'எனப்படும்'. அதை அடுத்து 'சான்சூசி'.

"கிடைச்சுட்டான் சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் படிப்பறையே திரும்பிப் பார்த்தது. சத்தம் போட்டால் வெளியே அனுப்புகிற பென்சில்காரர், அன்றைக்கு மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருமாகப் படித்தார்கள். மாப்பிள்ளை சிப்பாய், அந்த ஞானத்தகப்பனைப்போலவே பட்டாளத்து ரொட்டி அடுப்பில் வேலை. தாய், தகப்பன்: அறியப்படாதவர்கள். பிரான்சில் ஒரு நகரத்து மருத்துவமனையின் வாசலில் விடப்பட்டு, அங்கேயே வளர்ந்தவன்.

"ழான்வியேன்னா ஜனவரி" என்றார் பென்சில்காரர். "வாசல்ல கிடந்த குழந்தைக்கு வீட்டுப் பேரு ஏது? எந்த மாசம் எடுத்தாங்களோ அந்த மாசத்தையே எழுதியிருப்பாங்க."

அக்கா தலையை ஆட்டினாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் வருகிறவர்களுக்கு அவளே ஃபைல் திறந்திருக்கிறாள். ஃபைல் மேல் ஏதாவது எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் மருந்துகூடக் கிடைக்காது. 'பேருந்து நிலையம், நீலச் சட்டை' என்று அவள் எழுதிய ஒரு மனிதர், குணமான பிறகும் ஆறு மாதம் அந்தப் பெயரில்தான் மாத்திரை வாங்கிப் போனார். எங்கோ ஒரு மருத்துவமனையில், ஒரு குளிர்நாளில், தன்னைப்போல் ஒரு எழுத்தர் மசியைத் தொட்டு 'ஜனவரி' என்று எழுதியதை அவளால் கண்ணால் பார்ப்பதுபோல் நினைத்துப் பார்க்க முடிந்தது.

தளபதியும் போயிற்று, அரண்மனையும் போயிற்று. இதைக் கவர்னரிடம் எப்படிச் சொல்வது? புருஷன் சிரித்தார்: "சிங்கம் போட்ட துண்டெல்லாம் வந்து இறங்கிடுச்சாம். பாத்துச் சொல்லு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதியின் வரவேற்பறையில் குடும்பம் கூடியது. சுவருக்கு வெள்ளையடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். அக்கா நகல்களை வரிசையாக மேசைமேல் பரப்பினாள். பூசி மெழுகாமல், பதிவில் இருந்ததை இருந்தபடி சொன்னாள். வாசலில் கிடந்த குழந்தை, ரொட்டி சுட்ட சிப்பாய், படகோட்டியின் மகள், ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள், மூன்று முறையும் வந்து நின்ற ஞானத்தகப்பன். மூன்றாவது பிள்ளையில் தொடங்கும் ஆறு தலைமுறையையும் மனைவிமார் பெயரை வைத்து ஒவ்வொருவராகப் பிரித்துக் காட்டினாள். கவர்னரின் முகம் தொங்கிக்கொண்டே போனது.

"ரொட்டி சுட்டவனா?" என்றார் கடைசியில்.

"ஆமாண்ணே."

"தளபதின்னு போட்டிருந்தானே அந்தத் தாள்ல."

"அதுல தொண்ணூத்தோரு வயசுன்னும் போட்டிருந்தான்."

கவர்னர் எழுந்து உள்ளே போய்விட்டார். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அக்காவின் அம்மா மட்டும், "அவன விடு. அந்தக் குழந்தைங்க பதிவ மறுபடி படி" என்றாள். அக்கா படித்தாள். பதினான்கு மாதம், ஒன்பது நாள், எண்பத்து நான்கு வருடம். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். "அந்தப் பொம்பள மூணாவத எப்படிக் கூப்பிட்டாளோ!" என்றாள். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கவர்னர் மூன்று வாரம் அக்காவோடு பேசவில்லை. நான்காவது வாரம் தொலைபேசியில் அழைத்தார். விடுதிக்கு வந்து தங்கிய ஒரு வயதான தம்பதியிடம் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டாராம். அவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்களாம். தளபதி கதைக்கு யாரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை. "அந்தக் கல்யாணப் பதிவு நகல் பெருசா ஒண்ணு கிடைக்குமா பாப்பா? சட்டம் போட்டுச் சுவர்ல மாட்டறேன். சிங்கமும் பக்கத்துல இருக்கட்டும், துண்டெல்லாம் தச்சாச்சு." இப்போது கவர்னர் விருந்தாளிகளிடம் ஜனவரிச் சிப்பாயின் கதையைச் சொல்கிறார். அந்த ரொட்டி அடுப்பு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போவதாகக் கேள்வி.

அக்காவுக்குச் சனிக்கிழமை வேலை கூடிவிட்டது. முதலில் பிரசவ வார்டு நர்ஸ் ஒருத்தி தன் குடும்பப் பெயருக்கு அர்த்தம் தேடித் தரச் சொன்னாள். பிறகு ஆய்வகத்து உதவியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், ஓட்டுநரின் மாமியார். எல்லாருக்கும் சொந்தத்தில் ஒரு தளபதி இருந்தார். தேடிப் போனால் தையற்காரராகவோ சமையற்காரராகவோ முடிந்தார். அக்கா உள்ளதைச் சொல்வாள், ஆனால் சொல்லும்போது எதிரில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்துச் சொல்வாள். ஒரு பைசா வாங்கியதில்லை. நாற்பத்து மூன்று குடும்பங்களுக்கு இப்படித் தேடிக் கொடுத்திருக்கிறாள். பென்சில்காரர் அவளுக்கு ஜன்னலோர மேசையை ஒதுக்கி வைக்கிறார். போன மாதம் தயங்கித் தயங்கித் தன் தகப்பனார் குடும்பப் பெயரையே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். "எனக்குத் தேடத் தெரியும். ஆனா கை வரமாட்டேங்குது" என்றார்.

அவளுடைய சொந்தத் தேடலில் ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. படகோட்டியின் மகள் ஞானஸ்நானம் பெற்றது கல்யாணத்துக்கு முந்தின நாள். அன்றைக்குத்தான் அந்தக் கிறிஸ்தவப் பெயர் அவளுக்கு வந்தது. அதற்கு முன் பத்தொன்பது வருடம் அவளுடைய அப்பாவும் அம்மாவும் வேறு ஏதோ பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள். அதை எந்தக் குருவும் எழுதி வைக்கவில்லை. துறைமுகத்தில் படகுக்காரர்களுக்கு உரிமம் கொடுத்த ஏடுகள் சில மிஞ்சியிருக்கின்றன, அவற்றில் வீட்டு ஆட்களின் பெயரும் சில இடங்களில் இருக்கும் என்று பென்சில்காரர் சொல்லியிருக்கிறார். மொத்தம் பத்தொன்பது கட்டுகள். பூச்சி அரித்தவை, அட்டவணை கிடையாது. அக்கா இதுவரை நான்கைப் படித்து முடித்திருக்கிறாள்.